கரை கட்டினால் வெள்ளம் தீருமா? கொட்டியாரப் பக்கத்துக் காணிகளைப் பற்றி ஒரு பதில்

திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கங்கள் மாரிதோறும் நீரில் அகப்படுகின்றன. மகாவலியின் இரு புறமும் உயரமான கரையைக் கட்டிவிட்டால் தொல்லை தீராதா, அதை விட்டுவிட்டு வெள்ளச் சமவெளி முகாமைத்துவம், காணிப் பயன்பாட்டுத் திட்டமிடல் என்று கூட்டங்களில் பேசுவதால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, கிண்ணியாப் பக்கம் வயலை ஒட்டி 20 பேர்ச் காணியொன்று விலைக்கு வருவதாகவும், அதை நிரப்பி வீடு கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கான பதில் முதலாவதிலேயே இருப்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: கரை வேண்டிய இடங்கள் உண்டு, ஆனால் ஒரு வெள்ளம் எவ்வளவு சேதம் செய்யும் என்பது பெரும்பாலும் அந்த வெள்ளத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே, காணியைத் துண்டு போட்டு ஒப்புதல் வழங்கும் மேசையில் முடிவாகிவிடுகிறது. அந்த மேசையில் நீர்மட்டக் கணக்கு இருப்பதில்லை. கரையின் உயரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் பேச வேண்டியது இதுதான்.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வருகிற ஆறு. தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அதற்குள் இறங்குகிறது. மத்திய மலைநாட்டு நீரும், அம்பன் கங்கை கொண்டுவரும் நீரும், பொலன்னறுவைத் தாழ்நிலங்களின் வடிச்சலும் ஒன்றுசேர்ந்து மன்னம்பிட்டியைக் கடந்து நம் மாவட்டத்துக்குள் நுழையும்போது நிலத்தில் சரிவு என்று சொல்லத்தக்கது அதிகம் மிஞ்சுவதில்லை. அங்கே ஆறு பிரிந்து, ஒரு கிளை மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் கொட்டியாரக் குடாவில் விழ, மற்றது வெருகலாறாகித் தெற்கே ஈச்சிலம்பற்றுப் பக்கமாகச் சென்று கடலைச் சேர்கிறது. இந்த இரண்டு கிளைகளுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலம், ஆறு தானே பல்லாயிரம் ஆண்டுகளாக வண்டலைக் கொண்டுவந்து போட்டு உண்டாக்கிய நிலம். அதில் நெல் செழிப்பதற்கும் அது மூழ்குவதற்கும் காரணம் ஒன்றுதான்.

ஆற்று நீர் மட்டுமானால் கணக்கு இலகுவாயிருக்கும். நம் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான மாதங்களில் விழுகிறது; மேலிருந்து ஆறு பெருகி வரும் அதே கிழமையில் உள்ளூர் மழையும் வயல்களையும் குளங்களையும் நிரப்பி, வான் பாய்ந்துகொண்டிருக்கும். மூன்றாவதாகக் கடல் இருக்கிறது. திருகோணமலையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவானதுதான் என்றாலும், வடகீழ்க் காற்று குடாவுக்குள் நேராக அடிக்கும்போதும், தாழமுக்கம் கரையை நெருங்கும்போதும் கடல்மட்டம் உயர்ந்து நிற்பதால் முகத்துவாரத்தில் ஆற்று நீர் தயங்கித் தேங்குகிறது. மேலே பெய்த மழை, உள்ளே பெய்த மழை, வெளியே உயர்ந்து நிற்கும் கடல் ஆகிய மூன்றும் ஒரே நாளில் சந்திக்கும்போதுதான் நாம் பெருவெள்ளம் என்று சொல்வது உண்டாகிறது. 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் கிழக்கு மாகாணம் முழுவதையும் அடுத்தடுத்து இரண்டு முறை வெள்ளம் மூடியதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மாவிலாற்றுக் கரை உடைப்பெடுத்து மூதூர், வெருகல் பக்கத்து மக்களை அவசரமாக வெளியேற்ற வேண்டி வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இப்போது கரைக்கு வருகிறேன். ஆறு வழிந்து பரவும் நிலத்தைக் கரை கட்டி மறைத்தால், பரவியிருக்க வேண்டிய நீர் இரு கரைகளுக்கும் இடையில் உயர்ந்து நிற்கும். மேலேயுள்ள ஊருக்கும், கரை இல்லாத எதிர்ப்பக்கத்துக்கும் அந்த உயரம் போய்ச் சேரும். வண்டல் நிறைந்த ஆறாக இருந்தால், வயலில் படிய வேண்டிய மண் ஆற்றுப் படுக்கையிலேயே படிந்து, காலப்போக்கில் படுக்கையே சுற்றுப்புற நிலத்தைவிட உயரும். கரைக்குப் பின்னாலுள்ள ஊரில் பெய்த மழை ஆற்றுக்குள் வடிய வழியின்றித் தேங்குவது இன்னொரு தொல்லை. மதகுக் கதவு வைத்தாலும் ஆறு உயர்ந்து நிற்கும் நாட்களில் அதைத் திறக்க முடியாது. இவை எல்லாவற்றையும்விட மனிதர் சார்ந்த விளைவு பெரிது. கரை எழுந்தவுடன் அதன் பின்னாலுள்ள காணி பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவி, விலை ஏறி, முன்னர் வயலாயிருந்த இடத்தில் வீடுகளும் கடைகளும் பாடசாலைகளும் வந்துவிடுகின்றன. கரை தாங்கும் சிறு வெள்ளங்கள் எவரையும் தொடாமல் போக, தாங்காத ஒரு வெள்ளம் வரும் நாளில் அங்கே முன்பிருந்ததைப்போலப் பல மடங்கு சொத்து இருக்கிறது. அமெரிக்கப் புவியியலாளர் கில்பேர்ட் வைட் 1940களிலேயே இதைச் சுட்டிக்காட்டி, ஆற்றை மட்டும் கட்டுப்படுத்திக்கொண்டு நிலத்தின் பயன்பாட்டைக் கவனிக்காமல் விட்டால் செலவும் கூடும், சேதமும் கூடும் என்று வாதிட்டார்.

நமக்குக் கிட்டிய உதாரணம் பீகாரின் கோசி ஆறு. 1950களில் அதற்கு இரு புறமும் நெடிய கரைகள் கட்டப்பட்டன; 2008 ஓகஸ்ட் 18 அன்று நேபாளத்துக் குசஹா என்ற இடத்தில் கரை உடைந்தபோது ஆற்றில் ஓடிய நீர், அந்தக் கரை தாங்க வேண்டிய அளவென்று வடிவமைப்பில் எழுதப்பட்டிருந்ததில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆறு பல பத்தாண்டுகளுக்கு முன் விட்டு விலகிய பழைய தடத்தில் திரும்பப் பாய்ந்து, வெள்ளத்தை மறந்தே போயிருந்த ஊர்களை அடித்துச் சென்றது. அணை கட்டுவதில் உலகுக்கே வழிகாட்டும் நெதர்லாந்துக்காரர், 1995இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேரை வெளியேற்ற வேண்டிய நிலைக்கு வந்த பின்னர், ஆற்றுக்கு இடம் விடுவது என்ற கொள்கைக்கு மாறினார்கள். நைமேகன் நகரத்துக்கு எதிரே இருந்த கரையையே 350 மீற்றர் பின்னுக்கு நகர்த்தினார்கள். பணமும் தொழில்நுட்பமும் நிறைந்த நாடொன்று கரையைப் பின்னுக்கு எடுக்கும்போது, பராமரிப்புச் செலவை ஆண்டுதோறும் தேடிக்கொண்டிருக்கும் நாம் புதிய கரைகளை முன்னுக்குக் கொண்டுபோவதை இரண்டு தரம் யோசிக்க வேண்டும். நெருக்கமாகக் குடியேறி, இனி நகர்த்த முடியாத பழைய ஊரொன்றைச் சுற்றி ஒரு கரை, குடிநீர்த் திட்டத்துக்கோ வைத்தியசாலைக்கோ ஒரு கரை என்றால் நான் ஆதரிப்பேன். ஆற்றின் நீளத்துக்குக் கரை என்றால் ஆதரிக்க மாட்டேன்.

வெள்ளச் சமவெளி என்பது ஆற்றுக்குப் பக்கத்து நிலம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீரியல் கணக்கில் அது ஆற்றின் ஒரு பகுதி, மாரியில் மட்டும் பயன்படுகிற பகுதி. சோமாவதிக்கு அண்மையிலுள்ள வில்லுகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: ஆறு பெருகும்போது நிறைந்து, வற்றும்போது மெல்ல மெல்லத் திரும்பக் கொடுத்து, கோடையில் மாடுகளுக்கும் யானைகளுக்கும் புல்லாகும் அகன்ற பள்ளங்கள் அவை. 1984இல் வெள்ளச் சமவெளித் தேசியப் பூங்கா என்ற பெயரிலேயே அவற்றில் ஒரு பகுதி பாதுகாக்கப்பட்டது. வனசீவராசிகளுக்காகச் செய்த அந்த ஏற்பாடு கீழேயுள்ள நமக்கு வெள்ளத் தடுப்பாகவும் வேலை செய்கிறது. அந்த வில்லுகளைக் கரும்புக்கோ சோளத்துக்கோ மேடாக்கினால் அதன் விலையை மூதூர்க்காரர் கொடுக்க நேரும்.

வயலும் அதே வேலையைத்தான் செய்கிறது. வரம்புக்குள் அரை அடி நீரை மறித்து வைத்திருக்கும் ஒரு ஏக்கர் வயலில் ஆறு இலட்சம் லீற்றர் நிற்கிறது. இனி உங்கள் 20 பேர்ச் காணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மூன்று அடி உயர்த்த வேண்டுமென்றால் ஏறத்தாழ 163 கியூப் (ஒரு கியூப் என்பது நூறு கன அடி) கிரவல் வேண்டும். மூன்று கியூப் டிப்பரில் ஐம்பத்து நான்கு லோட். அந்தக் கிரவல் பிடித்துக்கொண்ட இடத்தில் முன்பு நின்றிருக்கக்கூடிய நீர் 4 இலட்சத்து 60 ஆயிரம் லீற்றர். இந்த நீர் உங்கள் காணியைவிட்டுப் போகிறதே தவிர ஊரைவிட்டுப் போவதில்லை; நிரப்ப வசதியில்லாமல் அதே மட்டத்தில் இருக்கும் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. ஒரு காணியை நிரப்பியதால் மகாவலியின் பெருவெள்ளம் ஒரு விரலளவும் உயராது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவ்வளவு பெரிய பரப்பில் அது ஒன்றுமேயில்லை. ஆனால் ஒழுங்கைக்குள் தேங்கும் மழைநீருக்கு அது உடனே தெரியும். ஒரு வயல்வெளி முழுவதும் இப்படிப் பேர்ச் பேர்ச்சாக நிரம்பும்போது ஊருக்கே தெரியும்.

நிரப்பிய மண்ணின் கனவளவைவிட, அது எங்கே நிற்கிறது என்பது முக்கியம். தட்டையான நிலத்தில் வெள்ளம் நின்றுகொண்டிருப்பதுபோலத் தோன்றினாலும், அது கடலைத் தேடிக் குறுக்காக மெல்ல நகர்ந்துகொண்டேயிருக்கும். அந்த ஓட்டத்தை மறிக்கும் எதுவும் நீரை மேற்பக்கத்தில் உயர்த்தி நாட்கணக்கில் நிறுத்திவைக்கும்: உயர்த்திப் போட்ட கொங்கிறீற் வீதி, காணியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் எழுப்பிய மதில், ஒடுங்கிய மதகு, பொலித்தீனும் ஆற்றுவாழையும் அடைத்த வடிச்சல் வாய்க்கால். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதி இந்தக் கழிமுகத்தையே குறுக்கறுத்துச் செல்கிறது. 2009இல் திறந்த 396 மீற்றர்க் கிண்ணியாப் பாலமும், அதன்பின் உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய இடங்களில் துறைகளுக்குப் பதிலாக வந்த பாலங்களும் நம் வாழ்க்கையையே மாற்றின, அதில் எனக்கு மறுபேச்சில்லை. இத்தகைய வீதியொன்றின் உயரம் கூட்டப்படும் ஒவ்வொரு தடவையும் அதனடியில் நீர் கடக்கும் வாய்களின் மொத்த அகலமும் மீளக் கணக்கிடப்பட வேண்டும். ஊருக்குள் போடும் உள்வீதிகளில் இந்தக் கணக்கை எவரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. வீதி திறந்த அடுத்த மாரியில் ஒரு பக்கம் வாசலளவு நீரும் மறுபக்கம் காய்ந்த நிலமுமாக இருப்பதைப் பல இடங்களில் காணலாம். பிறகு இரவோடிரவாக வீதியை வெட்டுவார்கள், சண்டை வரும், பொலிசும் வரும்.

திட்டமிடல் என்பது நடைமுறையில் ஒரு வரைபடத்தில் மூன்று தரமாக நிலத்தைப் பிரிப்பதில் தொடங்குகிறது. வெள்ளம் வேகமாகப் பாயும் தடம் முதலாவது. அங்கே பயிரும் மேய்ச்சலும் தவிர எதற்கும் இடமில்லை, மண் நிரப்புதல் முற்றாகத் தடை. நீர் வந்து தங்கும் பரப்பு இரண்டாவது. வயல், தோட்டம், விளையாட்டு மைதானம், மாட்டுப் பட்டி போன்றவை அங்கே இருக்கலாம், ஏனெனில் அவை மூழ்கி எழக்கூடியவை. எப்போதாவது ஆழமில்லாமல் நனையும் விளிம்பு மூன்றாவது. அங்கே வீடு கட்டலாம், தரைமட்டம் இன்ன உயரத்துக்குக் குறையக்கூடாது என்ற நிபந்தனையோடு. வைத்தியசாலை, மின் உபநிலையம், தண்ணீர்த் தாங்கி, பிரதேச செயலகம் போன்றவற்றை விளிம்பில்கூட வைக்கக்கூடாது. வெள்ளத்தன்று வேலை செய்ய வேண்டிய கட்டடங்கள் வெள்ளத்தில் நிற்பதை நாம் பலமுறை பார்த்துவிட்டோம். அமெரிக்காவில் 1968இல் வெள்ளக் காப்புறுதிச் சட்டம் வந்தபின் பிடித்துக்கொண்ட முறையும் ஏறத்தாழ இதுதான்: பாயும் தடத்தின் எல்லையை, இரு புறமும் நிரப்பினாலும் வெள்ளமட்டம் ஓரடிக்கு மேல் உயராதபடி வரைகிறார்கள்.

இந்தக் கோடுகள் பெரும்பாலும் நூறாண்டு வெள்ளம் என்ற அளவை வைத்தே போடப்படுகின்றன. நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும், 2025இல் வந்துவிட்டது, இனி நம் காலத்தில் இல்லை என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். உண்மையில் அது எந்த ஒரு ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம். சென்ற ஆண்டு வந்தது இந்த ஆண்டைத் தடுக்காது. வங்கிக் கடன் எடுத்துக் கட்டும் வீட்டுக்கு 30 ஆண்டுகள் என்று வைத்தால், அந்தக் காலத்துக்குள் அத்தகைய வெள்ளம் ஒருமுறையாவது வருவதற்கு 26 சதவீத வாய்ப்பு. இருபத்தைந்தாண்டு வெள்ளக் கோட்டுக்குள் இருக்கும் காணியானால் 71 சதவீதம். பத்தாண்டுக் கோட்டுக்குள் என்றால் 96 சதவீதம், அதாவது வருமா என்று கேட்கவே வேண்டாம். மழை மாறிக்கொண்டிருப்பதால் பழைய அளவீடுகளில் இருந்து எடுத்த இந்த எண்களுக்கு மேலே கொஞ்சம் உயரம் வைத்தே தரைமட்டம் நிர்ணயிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் இல்லையா என்றால், தேவைக்கு மேலேயே இருக்கிறது. 1924ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வெள்ளப் பகுதிகளைப் பிரகடனம் செய்து அங்கே தடைகளை அகற்ற அதிகாரம் தருகிறது. 1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆற்றோரத்தையும் குளத்தோரத்தையும் ஒதுக்காக வைத்திருக்கலாம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, அனுமதியில்லாமல் வயலை நிரப்புவது குற்றம். நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு 1978ஆம் ஆண்டின் சட்டமும், அனர்த்த முகாமைத்துவத்துக்கு 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையிலிருந்து 300 மீற்றரை மட்டுமன்றி, ஆற்று முகத்துவாரங்களிலும் களப்புகளிலும் இரண்டு கிலோமீற்றர் உள்ளே வரையும் எட்டுகிறது. கொட்டியாரக் குடாவையும் தம்பலகாமக் குடாவையும் சுற்றியுள்ள பல காணிகளுக்கு இது பொருந்தக்கூடும். காணி வாங்குவோரில் எத்தனை பேர் இதைக் கேட்டறிந்திருப்பார்கள் என்பது வேறு விடயம். ஆறு நீர்ப்பாசனத் திணைக்களத்துடையது, வயல் கமநல சேவை நிலையத்துடையது, கட்டட அனுமதி உள்ளூராட்சி மன்றத்துடையது, அரச காணி பிரதேச செயலகத்துடையது, மணல் அனுமதி புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்துடையது, நிவாரணம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துடையது. ஆறு அலுவலகங்களும் தத்தமக்குரிய கோப்பில் சரியாகவே நடந்துகொண்டாலும், காணி மூழ்குமா என்ற கேள்வி எந்தக் கோப்பிலும் கேட்கப்படாமலே போய்விடக்கூடும்.

இதைக் கண்ணால் காண வேண்டுமென்றால் உங்களிடம் காட்டப்பட்ட நில அளவைப் படத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். பரப்பு ஏக்கர், றூட், பேர்ச் என்று இரண்டு தசம தானம் வரை எழுதியிருக்கும். வடக்கே யாருடைய காணி, கிழக்கே எத்தனை அடி ஒழுங்கை, மூலையில் நட்ட எல்லைக்கல் எந்த வகை, எல்லாம் இருக்கும். அந்தக் காணி கடல்மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது மட்டும் இருக்காது. காலடி நிலத்தின் எல்லை ஒரு அங்குலம் தவறினால் நீதிமன்றம் வரை போகும் நாம், அதன் உயரம் நான்கு அடி குறைவாயிருப்பதைக் கேட்பதேயில்லை. உள்ளூராட்சி மன்றத்தில் உபபிரிவு ஒப்புதலுக்கு வரும் ஒவ்வொரு படத்திலும் நான்கு மூலைகளின் உயரமும், அண்மைய பெருவெள்ளம் நின்ற மட்டமும் குறிக்கப்பட வேண்டும் என்று ஒரு விதியை மட்டும் கொண்டுவந்தால், நூறு கருத்தரங்குகள் செய்யாததை அது செய்யும். கருவியும் ஆளும் ஏற்கெனவே இருக்கின்றன. வெள்ளம் வடிந்த கிழமையிலேயே சுவர்களில் தெரியும் சேற்றுக் கோடுகளை அளந்து பதிவு செய்வதற்கு ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் ஒருவரைப் பொறுப்பாக்கினால், சில மாரிகளில் விலைமதிப்பற்ற வரைபடம் ஒன்று கையில் இருக்கும். இப்போதோ நிவாரணப் படிவத்தில் குடும்ப எண்ணிக்கை மட்டும் ஏறுகிறது. நீர் எந்த உயரத்தில், எத்தனை நாள் நின்றது என்பது அடுத்த வெள்ளை அடிப்போடு அழிந்துவிடுகிறது.

ஏற்கெனவே தாழ்நிலத்தில் குடியிருப்பவர்களை என்ன செய்வது என்பது இவை எல்லாவற்றிலும் கடினமானது. திட்டவியலாளர்கள் பலர் அவசரப்பட்டுப் பதில் சொல்லும் இடமும் இதுவே. போரில் பலமுறை இடம்பெயர்ந்து திரும்பி வந்து, எங்கே இடம் கிடைத்ததோ அங்கே குடிசை போட்டவர்கள் அவர்கள். மீனுக்கும் வயலுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள். 2004 சுனாமிக்குப் பின்னர் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கரையோரத்தில் ஒரு தடைவலயம் அறிவிக்கப்பட்டது. நில உயரம் பார்க்காமல் அடிமட்டம் வைத்து இழுத்த கோடு அது. மாற்றுக் காணி எங்கே என்ற கேள்விக்கும் போதிய விடை இருக்கவில்லை. ஓராண்டுக்குள்ளேயே அதைத் தளர்த்த வேண்டியதாயிற்று. எனவே வெள்ளக் கோடு போடும்போது, வேகமாக நீர் பாயும் தடத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும், நடந்து போய் வரும் தூரத்தில் மேட்டுக்காணியைக் காட்டிய பின்னரே, நகரச் சொல்ல வேண்டும். ஏனையோருக்கு இருக்குமிடத்திலேயே தாங்குதிறனைக் கூட்ட வேண்டும். வங்காளதேசத்து ஆற்றுத் திட்டுகளில் செய்வதுபோல வீட்டடியை மட்டும் மேடாக்கலாம். காணி முழுவதையும் நிரப்புவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. தூண்களில் எழுப்பிய வீடு நீரையும் கீழே விடும். மின் இணைப்புகளை நெஞ்சளவுக்கு மேலே வைப்பது, நெல்லையும் பத்திரங்களையும் வைக்க ஒரு மேல்தட்டு, கிணற்றுக் கட்டை உயர்த்துவது, மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி மேட்டில் வைப்பது ஆகியவை செலவு குறைந்தவை. வெள்ளத்துக்குப் பிந்திய வயிற்றோட்டத்தையும் எலிக்காய்ச்சலையும் எண்ணிப் பார்த்தால், கிணறும் குழியும் பற்றிய கவலை வீட்டுச் சுவர் பற்றிய கவலையைவிட முந்தியது.

மேலேயுள்ள நீர்த்தேக்கங்கள் நம்மைக் காப்பாற்றாதா என்று சிலர் கேட்பதுண்டு. விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல, மொரகஹகந்த எல்லாம் முதன்மையாக மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் கட்டியவை. சிறுபோகத்துக்கு நீர் வேண்டுவோர் அவை ஜனவரியில் நிறைந்திருக்க வேண்டும் என்பார்கள். வெள்ளத்தைத் தாங்க வேண்டுமானால் அவை நவம்பரில் பாதி காலியாயிருக்க வேண்டும். நிறைந்த குளம் வந்த நீரை அப்படியே வான்கதவால் வெளியே விடும். சிறு வெள்ளங்களை அவை உள்வாங்கிக்கொள்வதால் கீழேயுள்ளவர்கள் ஆற்றை மறந்து இன்னும் நெருங்கிக் குடியேறுகிறார்கள் என்பதும் உண்டு. மன்னம்பிட்டியில் நீர்மட்டம் ஏறுவது நமக்கு முன்கூட்டியே தெரியக்கூடிய தகவல். அதைத் தமிழில், இறால்குழியிலும் வெருகலிலும் எந்த வீதி எப்போது மூடப்படும் என்ற பாஷையில் சொன்னால்தான் பயன்.

கந்தளாய் வேறு வகையான எச்சரிக்கை. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அந்தக் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது மாரிகாலமே முடிந்திருந்தது. பெரிய குளங்களின் கீழே, கட்டு உடைந்தால் நீர் எத்தனை நிமிடத்தில் எங்கே வரும் என்ற வரைபடமும் காணித் திட்டத்துக்குள் வர வேண்டும்; பாடசாலையை எங்கே வைப்பது என்பதை அது தீர்மானிக்கும். ஆற்று மணலைப் பற்றி ஒரு வரி மட்டும்: அளவுக்கு மேல் அள்ளினால் படுக்கை ஆழமாகி வெள்ளம் குறையும் என்று சொல்வோர் உண்டு, குறைவதைக் காட்டிலும் கரை இடிவதும், பாலத்தின் அடி அரிபடுவதும், உப்பு நீர் மேலே ஏறுவதுமே நடக்கும்.

இனி உங்கள் காணி. கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் அதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது எந்தக் காணியும் மேட்டுக்காணிதான். முற்பணம் கொடுக்காமல் மார்கழி வரை பொறுத்திருந்து, அடைமழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். பக்கத்து வயல்காரரிடமும், அந்த ஒழுங்கையில் நீண்டகாலம் இருக்கும் ஒரு மூதாட்டியிடமும் 2011இலும் 2025இலும் நீர் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள். விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. உறுதியில் அது வயற்காணியாகப் பதிவாகியிருந்தால், கமநல சேவை நிலையத்தின் எழுத்துமூல அனுமதியில்லாமல் ஒரு லோட் மண்ணும் கொட்ட வேண்டாம். நிரப்பிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னால் அந்தச் சொல்லுக்காகவே காணியை விட்டுவிடலாம். அனுமதி பெற்ற நில அளவையாளரிடம் கொஞ்சம் மேலதிகமாகக் கொடுத்து, அண்மையிலுள்ள மட்டக்குறியிலிருந்து (கடல்மட்டத்துக்கு மேலான உயரம் அளந்து பதித்த அடையாளம்) காணியின் நான்கு மூலைகளுக்கும் நடு வீதிக்கும் உயரம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சேற்றுக் கோட்டைவிடக் காணி ஓரடி, ஒன்றரை அடி மட்டும் தாழ்ந்திருந்து, நீர் ஓரிரு நாளில் வடிகிற இடமாக இருந்தால், காணியை நிரப்பாமல் வீட்டடியை மட்டும் கோட்டுக்கு மேல் இரண்டடி உயர்த்தி, மதிலின் அடியில் நீர் போக வாய்கள் விட்டுக் கட்டலாம். மூன்று அடிக்கு மேல் தாழ்ந்திருந்தாலோ, நீர் அந்த வழியாக ஓடுகிறது என்று அயலவர் சொன்னாலோ, விலை எவ்வளவு மலிவாயிருந்தாலும் வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அளந்த உயரங்களை அனுப்பினால் தரைமட்டம் எவ்வளவு வைக்கலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.